ஒரு முழு பிளேட்

இன்னைக்குப் பேசப்போறது சென்னை கோடையைப் பத்தி. வெயிலைப் பத்திப் புலம்ப நம்ம எல்லாருக்கும் தெரியும். மே மாசம் ரெண்டு சென்னைக்காரங்க சந்திச்சா முதல் அஞ்சு நிமிஷம் அதுதான் ஓடும். நான் இன்னைக்குப் புலம்பப் போறதில்லை. இந்தக் கோடையில் ஆறு சனிக்கிழமை சாயங்காலம் வெளியே போய்ச் சாப்பிட்டதைச் சொல்லப்போறேன். கூட வந்தது எங்க அம்மா.

முதல்ல வெயிலோட கணக்கைப் புரிஞ்சுக்கலாம். சென்னையில் சூடு எவ்வளவு ஏறும்கிறதை முடிவு பண்றதில் கடல் காற்றுக்குப் பெரிய பங்கு இருக்கு. அது மதியத்துக்கு முன்னாடியே உள்ளே வந்துட்டா பிழைச்சோம். மேற்குக் காற்று பலமா அடிச்சு அதைத் தடுத்துட்டா, அன்னைக்கு வறுபட வேண்டியதுதான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அதனால நம்ம ஊரில் வெளியே போறதுக்கு ஒரே சட்டம்தான்: அஞ்சரை மணிக்கு முன்னாடி வீட்டை விட்டுக் கிளம்பாதே, கிளம்பினா கடல் பக்கம் போ.

இப்போ அம்மா கதைக்கு வரேன். போன வருஷம் கார்த்திகை மாசம் அப்பா தவறிட்டார். எனக்கு நைட் ஷிஃப்ட் வேலை, ஆபீஸ்லயே சாப்பாடு. அம்மா தனக்குன்னு சமைக்கிறதைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திட்டாங்க. கேட்டா, "ஒருத்திக்கு எதுக்குடி அடுப்பப் பத்த வைக்கணும்?" டீயும் பன்னும்தான் ராத்திரி சாப்பாடு. முப்பது வருஷம் மூணு வேளையும் சமைச்ச கை அது. அவங்க உடம்பு இளைக்கிறது எனக்கே கண்ணுக்குத் தெரிஞ்சது. டாக்டர் பார்த்துட்டு, வியாதி எதுவும் இல்லை, சாப்பிட வைங்கன்னு மட்டும் சொன்னார்.

அப்படித்தான் சனிக்கிழமை திட்டம் வந்தது. ஒரு ஆளுக்கு நூத்தம்பது ரூபாய்க்கு மேல செலவு கிடையாது. டாக்ஸி கிடையாது; பஸ், இல்லைன்னா மந்தைவெளியிலிருந்து பறக்கும் ரயில்.

முதல் வாரம் திருவல்லிக்கேணி ரத்னா கஃபே. 1948-லிருந்து இருக்கிற கடை. அங்கே இட்லிக்குச் சாம்பார் தொட்டுக்க மாட்டாங்க, சாம்பார்லயே இட்லி மிதக்கும். தட்டில் குறைஞ்சா திரும்ப வந்து ஊத்துவாங்க. நான் ரெண்டு பிளேட் சொல்ல வாயெடுத்தேன். அம்மா தடுத்தாங்க. "எனக்கு வேணாம், நீ சாப்பிடு. உன்னோடதுல ஒரு வாய் எடுத்துக்கறேன்."

இந்த வசனத்தைக் கேட்காதவங்க யாராவது இருக்கீங்களா? எங்க வீட்டில் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் இதான் நடக்கும். அப்பாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. அம்மாவுக்கு எங்க மூணு பேர் தட்டிலும் மிஞ்சினது. தம்பி விட்ட வடை, நான் விட்ட பாதி தோசை. பில்லில் அம்மான்னு ஒரு வரி இருந்ததா எனக்கு ஞாபகமே இல்லை.

அன்னைக்கு ரெண்டு பிளேட் சொன்னேன். அம்மா ஒண்ணரை இட்லி சாப்பிட்டாங்க. நான் எதுவும் பேசலை.

ரெண்டாவது வாரம் மயிலாப்பூர். கபாலீஸ்வரர் கோயில் பக்கத்தில் காளத்தி கடை, பேப்பர் விற்கிற கடையில் ரோஸ் மில்க். அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமா சர்க்கரை வியாதி. அவர் ஏங்கிடக் கூடாதுன்னு வீட்டில் இனிப்பே கிடையாது, பாயசம்கூடப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும். அம்மாவுக்குச் சர்க்கரை கிடையாது, ஆனா அவங்களும் பன்னிரண்டு வருஷமா அப்பாவோட டயட்லதான் இருந்திருக்காங்க. ஒரு டம்ளர் ரோஸ் மில்க்கை நின்னபடியே குடிச்சு முடிச்சாங்க. வாயைத் துடைச்சுக்கிட்டு, "அந்தக் காலத்துல காலேஜ் விட்டு வரும்போது குடிப்போம்"னு சொன்னாங்க. அம்மா காலேஜ் விட்டு ஃப்ரெண்ட்ஸோட சுத்தினாங்கங்கிறதே எனக்குப் புதுச் செய்தி.

மூணாவது வாரம் மெரினா. தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி. போற வழியில் விவேகானந்தர் இல்லம். அதுக்கு ஐஸ் ஹவுஸ்னு ஏன் பேருன்னு அம்மா கேட்டாங்க. 1840-களில் கட்டினது, அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிஞ்சு, கப்பல்ல ஏத்தி, இங்கே கொண்டுவந்து சேமிச்சு வெச்ச கிடங்கு அது. ஃபிரெடரிக் டியூடர்ங்கிறவரோட வியாபாரம். மெட்ராஸ் வெயில்ல வெள்ளைக்காரங்க ஜில்லுனு குடிக்க, மாசக்கணக்கில் கப்பல் பயணம். விவேகானந்தர் 1897-ல் தங்கினது அதுக்கப்புறம்தான். அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கட்டடத்தையே பார்த்துட்டு, "ஜில்லுனு ஒரு வாய் தண்ணிக்கு இவ்ளோ மெனக்கெட்டிருக்கான்"னு சொன்னாங்க. அப்புறம் பஜ்ஜிக்காரர்கிட்ட போய், எனக்கு முன்னாடி, அவங்களே ஒரு பிளேட் வாங்கினாங்க.

நாலாவது வாரத்துக்குள்ள விஷயம் சொந்தக்காரங்க காதுக்குப் போயிடுச்சு. அப்பாவோட அக்கா போன் பண்ணினாங்க. ஸ்பீக்கர்ல இருந்ததால எனக்கும் கேட்டது. "வருஷம்கூடத் திரும்பல. அதுக்குள்ள பீச்சு, ஹோட்டல்னு சுத்துறீங்களாமே?" எனக்கு ரத்தம் கொதிச்சது. போனைப் பிடுங்கப் போனேன். அம்மா கையைக் காட்டி நிறுத்திட்டு, ரொம்ப அமைதியா, "பசிக்குது அண்ணி, சாப்பிடறேன்"னாங்க. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அத்தை, "என்னத்த சாப்பிட்ட?"ன்னு கேட்டாங்க. அம்மா இட்லி, பஜ்ஜி, ரோஸ் மில்க்னு ஒவ்வொண்ணாச் சொன்னாங்க. அத்தையும் அண்ணனோ தம்பியோ இல்லாம ஹோட்டல் வாசல் மிதிக்காத ஆள்தான்.

அந்த வாரம் கிளம்பவே வேண்டாம்னு அம்மா சொல்லிடுவாங்களோன்னு பயந்தேன். அஞ்சு மணிக்கே புடவை மாத்திட்டு நின்னாங்க. வழியில் நுங்கு வண்டி. மூணு கண்ணையும் இளசாப் பார்த்துச் சீவச் சொல்லி, விரலை விட்டுத் தோண்டித் தின்னோம். உரிச்ச தோலைத் தூக்கிப் போடாம, வேர்க்குருவுக்குத் தேய்க்கன்னு என் கையில திணிச்சாங்க.

அஞ்சாவது வாரம் பறக்கும் ரயிலில் கடற்கரை ஸ்டேஷன். அங்கேயிருந்து நடந்தா பர்மா பஜார் பக்கம் அத்தோ கடைகள். 1960-களில் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளை அரசாங்கம் எடுத்துக்கிட்டப்போ, தலைமுறையா அங்கே வாழ்ந்த தமிழர்கள் கூட்டம் கூட்டமாத் திரும்பி வந்தாங்க. அவங்க கொண்டுவந்த சாப்பாடு இது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரிச்ச வெங்காயம், பூண்டு, புளித்தண்ணி, மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைஞ்சு தருவாங்க. கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அவிச்ச முட்டையைக் கீறி, உள்ளே பொரிச்ச வெங்காயம் வெச்சு ஒரு ஐட்டம் இருக்கு, அதை விடாதீங்க.

அப்பாவுக்குப் பூண்டு வாசனையே ஆகாது. எங்க வீட்டு ரசத்தில்கூடப் பூண்டு கிடையாது. அம்மா அத்தோவை ஒரு வாய் வெச்சாங்க, நிறுத்தினாங்க. பிடிக்கலையோன்னு பார்த்தா, "எனக்குப் பூண்டு ரொம்பப் பிடிக்கும்டி"ன்னாங்க. எனக்குச் சொன்ன மாதிரியும் இல்லை, அவங்களுக்கே சொல்லிக்கிட்ட மாதிரி இருந்தது. அப்பா மேல குறையாச் சொல்லலை. அவருக்குப் பிடிச்சதைச் சமைச்சதில் அவங்களுக்குச் சந்தோஷம்தான் இருந்திருக்கு. ஆனா அம்பத்தெட்டு வயசுல ஒருத்தங்க தனக்கு என்ன பிடிக்கும்னு பிளாட்பாரத்தில் நின்னுக்கிட்டு ஞாபகப்படுத்திக்கிறதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறது லேசான விஷயம் இல்லை. நான் திரும்பி பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி நின்னுக்கிட்டேன்.

மறுநாள் வீட்டில் பூண்டு ரசம். ஒருத்திக்காகவே வெச்சது. நான் ஷிஃப்ட் முடிச்சு வந்தப்போ பாத்திரத்தில் எனக்குக் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது!

ஆறாவது சனிக்கிழமை எனக்கு ஆபீஸ்ல அவசர வேலை, போக முடியலை. அம்மாகிட்ட சொன்னதுக்கு, சரின்னு மட்டும் சொன்னாங்க. ஆறரை மணிக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ. கொஞ்சம் மங்கலா, ஓரத்தில் கட்டை விரல் தெரிய, ஒரு தட்டில் சாம்பார் இட்லி. கீழே ஒரு வரி: "முழுசா சாப்பிட்டேன்."

இதைக் கேட்டுட்டு இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. இந்த வாரம் அம்மாவையோ, பாட்டியையோ, சித்தியையோ வெளியே கூட்டிட்டுப் போங்க. பெரிய கடையெல்லாம் வேண்டாம். "உன்னோடதுல ஒரு வாய்"னு சொல்லுவாங்க. கேட்காதீங்க. மெனு கார்டை அவங்க கையில் கொடுத்துட்டுக் காத்திருங்க. ரொம்ப நேரம் ஆகும், பரவாயில்லை. என்ன வாங்கினாங்கன்னு எனக்கும் எழுதுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம். தண்ணி நிறையக் குடிங்க.