எந்த அடுக்கில் வைப்பது?



நூல் விற்பது என் தொழில். பெண்ணியக் கட்டுரை நூல்களை எந்த அடுக்கில் வைப்பது என்பது எனக்கு அடிக்கடி எழும் கேள்வி. சமையல், கோலம், குழந்தை வளர்ப்பு நூல்களோடு ‘மகளிர்’ அடுக்கில் சேர்த்துவிடுவது கடைகளின் வழக்கம். அந்நூல்களைப் படித்தவர் அதற்கு இசையார்.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. அதே ஆண்டு அக்டோபரில், இங்கிலாந்தில் வெர்ஜீனியா வுல்ஃபின் ‘எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ வெளிவந்தது. பெண் எழுத வேண்டுமாயின் ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் தனக்கென ஓர் அறையும் தேவை என்பது அவர் வாதம். இரு குரல்களும் கேட்டது இரக்கத்தை அன்று, உடைமையை. பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலும் கற்பை ஆராய்வதோடு நில்லாமல், சொத்துரிமைக்குத் தனி இயல் வகுக்கிறது.

தமிழ்நாட்டில் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1989இல்தான் சட்டமாயிற்று. தீர்மானத்திற்கும் சட்டத்திற்கும் இடையே 60 ஆண்டுகள்! சிங்கப்பூரின் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனமும் மணமான பெண்ணின் சொத்துரிமையைப் பேசுகிறது.

ஆகவே, இந்நூல்கள் சட்டம், பொருளியல், வரலாறு ஆகியவற்றின் அருகில் இருக்க வேண்டியவை. அங்கிருந்தால்தான் ஆண்பிள்ளைகளின் கையும் அவற்றை எடுக்கும். மாணவர்களே, உங்கள் வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது எனக் கேட்டறிந்து, பின்னர் இவற்றைப் படியுங்கள். ஏட்டில் உள்ளது வீட்டிலும் உள்ளது என்பது விளங்கும்.