சமீபத்துப் படங்கள்: உழைப்பாளியின் பார்வையில்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



இன்றைக்கு என்னைச் சினிமாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பத்தாவது வரை படித்தவன். காமிரா வேலையைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் படம் பார்க்கத் தெரியும். பார்த்ததை நாலு பேரோடு உட்கார்ந்து பேசத் தெரியும். நீங்களும் அப்படித்தான். ஆகவே தயக்கம் இல்லாமல் பேசுகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்சி வேலைக்கு வந்த புதிதில், "சினிமா ஒரு போதை, உழைப்பாளி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது" என்று கிளைக் கூட்டங்களில் முழங்கியவன் நான். வந்தவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். கூட்டம் முடிந்ததும் இரண்டாவது ஆட்டத்துக்குப் போனார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை! எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியிலும் இயந்திர இரைச்சலிலும் நின்றவன், நாள் முழுதும் சேற்றில் குனிந்து நட்டவள், கொஞ்ச நேரம் சிரிக்கவும் அழவும் ஆசைப்படுவதில் என்ன குற்றம்? நமக்கு முன்னால் பரிமாறுகிற இலையில் என்ன வைக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நம் வேலை. பட்டினி கிட என்று சொல்வது நம் வேலை அல்ல.

நம்மவர்கள் படம் எடுக்காமலும் இல்லை. 1960-லேயே தொழிலாளர் வாழ்க்கையைச் சொல்ல 'பாதை தெரியுது பார்' என்ற படம் வந்தது. நிமாய் கோஷ் டைரக்ட் செய்தார். எம்.பி. சீனிவாசன் இசை அமைத்தார். பாட்டுகள் நிலைத்தன, படம் ஓடவில்லை. நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் போதாது, கொட்டகை கிடைக்க வேண்டும், ஜனங்கள் வரவேண்டும் என்ற பாடத்தை அன்றே கற்றோம். இனி நம் நாளைய படங்களுக்கு வருவோம்.

ஒருவனே எல்லாம் செய்கிற படம்

2025 ஆகஸ்ட் 14-ந் தேதி 'கூலி' வந்தது. ரஜினிகாந்த் சினிமாவுக்கு வந்து 50 ஆண்டு நிறைகிற சமயம். டைரக்டர் லோகேஷ் கனகராஜ். பெயரைக் கேட்டதும் நம் சுமைப் பணித் தோழர்களுக்கு ஏக குஷி. முதல் நாளே போனார்கள். நானும் போனேன்.

துறைமுகம் வருகிறது. கூலிகள் வருகிறார்கள். கதாநாயகன் ஒரு காலத்தில் தொழிலாளர்களுக்குத் தலைவனாக இருந்தவன். கையில் 1421 என்று எண் போட்ட வில்லை. இவ்வளவும் நம்முடையவை. ஆனால் படம் முடிந்து வெளியே வந்தபோது மனதில் நின்றது எது? அடிதடியும் கடத்தலும்தான். ஆயிரம் பேர் சேர்ந்து செய்ய வேண்டியதை ஒருவன் செய்கிறான். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். உங்கள் ஊரில் எந்தக் கூலி உயர்வாவது இப்படிக் கிடைத்ததா? நம் வில்லையை எடுத்து நாயகன் கையில் கட்டிவிட்டார்கள். நம்மைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். விசில் அடித்த தோழர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. நானும் ஒரு இடத்தில் கை தட்டினேன். தட்டிய கையை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வக்கீலும் வழக்கும்

'ஜெய் பீம்' 2021 நவம்பர் 2-ல் வந்தது. டைரக்டர் த.செ. ஞானவேல். கொட்டகைக்கு வராமல், சந்தா கட்டியவர்கள் வீட்டில் பார்க்கிற விதமாக வந்த படம். யாரைப் பற்றிய படமோ அவர்களில் பலர் அதை மற்றவர் கைபேசியில்தான் பார்த்தார்கள்.

கதை நடந்த கதை. 1993-ல், இன்றைய கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாகண்ணு என்ற உழைப்பாளி அடித்துக் கொல்லப்பட்டார். அவர் குறவர் சமூகத்தவர். படத்தில் இருளர் என்று மாற்றியிருக்கிறார்கள். அவர் மனைவி உயர் நீதிமன்றம் வரை போனார். வழக்கை நடத்தியவர் வக்கீல் சந்துரு. பின்னால் அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். 2006-ல்தான் காவலர்களுக்குத் தண்டனை உறுதியாயிற்று. பதின்மூன்று வருஷம்!

நல்ல படம். போலீஸ் அடி என்றால் என்ன என்று அடிபடாத நடுத்தர வர்க்கத்துக்குக் காட்டிய படம். கர்ப்பிணியாக அலைகிற அந்தப் பெண்ணின் முகத்தை மறக்க முடியாது. ஆனால் என் மனக்குறையைச் சொல்கிறேன். படத்தில் வக்கீல் மலைபோல் நிற்கிறார். நிற்கட்டும், தகுதியுள்ளவர்தான். செங்கொடியும் அங்கங்கே தெரிகிறது. ஆனால் அந்தக் கிராமத்தில் அவளுக்குத் துணையாக நின்று, பஸ் பிடித்து, மனு எழுதி, விலைபேச வந்தவர்களைத் துரத்திய உள்ளூர்த் தோழர்கள் திரையில் மங்கலாகிவிட்டார்கள். பதின்மூன்று வருஷ வழக்கு கோர்ட்டில் மட்டுமா நடக்கும்? சாட்சி சொல்கிறவன் வீட்டில் அன்றன்று அடுப்பு எரிந்தால்தானே சாட்சி நிலைக்கும்? அந்த அடுப்பைப் படம் காட்டவில்லை.

நம்மைப் போலவே பேசுகிற படம்

வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் 2023-லும், இரண்டாம் பாகம் 2024 டிசம்பரிலும் வந்தன. முதல் பாகத்தில் சூரி ஒரு சாதாரணக் கான்ஸ்டபிள். மலைக்கிராமத்து ஜனங்களைக் காவல்துறை என்ன செய்கிறது என்று அவன் கண்ணால் பார்க்கிறான். அவனும் ஏழை. சீருடை போட்ட ஏழை. மேலதிகாரியிடம் மன்னிப்புக் கேட்க மறுத்து அவன் படுகிற பாட்டைப் பார்த்தபோது, எங்கள் கிளைத் தோழர் ஒருவர், "நம்ம மேஸ்திரிகிட்ட நான் பட்டதும் இதேதான்" என்றார்.

இரண்டாம் பாகத்தில் பெருமாள் வாத்தியார் நாம் பேசுவதையெல்லாம் பேசுகிறார். வர்க்கம், சாதி, சங்கம் எல்லாம் வருகின்றன. சந்தோஷந்தான். ஆனால் பேசிக்கொண்டே இருக்கிறார்! பக்கத்தில் இருந்த தோழர் தூங்கிவிட்டார். எழுப்பிக் கேட்டேன். "நீங்க மேடையில பேசுறாப்லயே இருந்துச்சு தோழர், பழக்கத்துல கண்ணு சொக்கிருச்சு" என்றார். இந்த விமர்சனம் படத்துக்கு மட்டும் உரியதல்ல. எனக்கும் உரியது. ஏற்றுக்கொண்டேன்.

வாய் திறக்காத பெண்

2024 ஆகஸ்ட் 23-ல், ஒரே நாளில், இரண்டு படங்கள் வந்தன. ஒன்று பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, குடும்பமே அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறது. பின்னணி இசை கிடையாது. வண்டிச் சத்தமும் கோழிச் சத்தமும்தான். அந்தப் பெண் பேசுவதே இல்லை என்று சொல்லலாம். ஆனால் அடங்கவும் இல்லை. வழியில் ஒரு காளை மறித்து நிற்கிறது. ஆம்பிளைகள் எல்லாம் பயந்து நிற்க, ஒரு சிறுமி வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறாள்.

முடிவு சொல்லாமல் படம் முடிகிறது. நம் ஆண் தோழர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. "என்னய்யா படம், பாதியில் நிறுத்திட்டான்" என்றார்கள். பெண்கள் அப்படிச் சொல்லவில்லை. முடிவு அவர்களுக்குத் தெரியும், தோழர்களே. அடியும் சாமியாடியும் ஆட்டோப் பயணமும் அவர்கள் பார்த்தவை. ஆலை வாசலில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாதி பார்க்கிறவர் நம்மிலும் இருக்கிறார். அவரை அந்தப் படம் சும்மா விடாது.

வாழைத்தாரின் கணக்கு

அதே நாளில் வந்த மற்றொரு படம் மாரி செல்வராஜின் 'வாழை'. டைரக்டர் தன் பிள்ளைப்பிராயத்தை வைத்து எடுத்தது. நெல்லைச் சீமை. பள்ளிக்கூடம் போகிற பையன். லீவு நாளில் தார் சுமக்கப் போக வேண்டும். ஏனென்றால் தாய் தரகரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாள். பையனுக்குக் கழுத்து வலி. முள் குத்துகிறது. போக மறுக்க முடியவில்லை.

"டீச்சரைச் சுற்றிச் சுற்றி வருவதை இவ்வளவு நேரம் காட்ட வேண்டுமா?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஊர் நடவுக்காரப் பெண் ஒருவர் என்னைத் திருத்தினார். "அங்கதான தம்பி அவனை மனுசனா நடத்துறாங்க. அதனாலதான் பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கு" என்றார். இதைவிடப் பெரிய விமர்சகர் யார்?

இப்போது கணக்குக்கு வருவோம். தார் சுமக்கிறவர்கள் கூலி உயர்வு கேட்கிறார்கள். முன்னால் நிற்பவன் கனி என்ற இளைஞன். அரிவாள் சுத்தியலை நெஞ்சோடு வைத்திருப்பவன். வேலைக்குப் போக மறுக்கிறார்கள். சரக்கு அழுகுமே என்று வியாபாரி இறங்கி வருகிறான். கூலி உயர்கிறது. வெற்றி! ஆனால் கொடுத்ததை எங்கே பிடுங்குகிறான்? ஆட்களுக்குத் தனி வண்டி அனுப்புவதை நிறுத்துகிறான். தார் ஏற்றிய லாரியின்மேலேயே ஏறிப் போகச் சொல்கிறான். லாரி கவிழ்கிறது. கனியும் போகிறான், பையனின் அக்காவும் போகிறாள்.

ஆலைத் தோழர்களே, இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதா? பஞ்சப்படி ஏறினால் மறுமாதம் ஒரு ஆள் பார்க்கிற சைடு கூடுகிறது. சம்பளத்தில் கொடுத்ததை வேலைப்பளுவில் எடுக்கிறான். கூலி என்பது கையில் விழுகிற காசு மட்டுமல்ல, உயிரோடு வீடு திரும்புவதும் கூலியில் சேர்ந்தது என்பதை இந்தப் படம் போல் எந்தத் துண்டுப்பிரசுரமும் சொன்னதில்லை. படத்தில் எனக்கு ஒரு குறைதான். தாயின் ஓலத்தோடு நிற்கிறது. வியாபாரி என்ன ஆனான், நஷ்டஈடு யார் கேட்டது என்பதற்குள் போகவில்லை. ஒருவேளை அதை நம்மிடம் விட்டிருக்கிறார்களோ என்னவோ.

படம் முடிந்த மறுநாள்

நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் பகுதிக் குடியிருப்பில் ஒரு தோழர் தன் வீட்டு டி.வி.யைத் திண்ணையில் வைத்து 'வாழை'யைப் போட்டார். நூறு பேருக்குக் குறையாது. கடைசிக் காட்சியில் ஒரே அழுகை. நான் மனநிறைவோடு படுக்கப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் சாலையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு குட்டியானை வந்தது. உள்ளே கழுத்துவரை மூட்டை. மூட்டையின்மேல் பன்னிரண்டு பெண்கள். முந்தின இரவு அழுத அதே முகங்கள்! எனக்கு ஆத்திரம் வந்தது. "அக்கா, நேற்றுத்தானே படம் பார்த்தீங்க?" என்று கத்திவிட்டேன். மேலேயிருந்து பதில் வந்தது: "பார்த்தோம் தம்பி. இறங்கி நடந்தா பத்து மைல். வண்டி யார் கொடுப்பா, நீ கொடுப்பியா?"

தோழர்களே, அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. படம் கண்ணைத் திறக்கும், வண்டி அனுப்பாது. வண்டி அனுப்ப வைக்கிற வேலை நம்முடையது. மூன்று நாள் குடியிருப்பில் வீடு வீடாக உட்கார்ந்து பேசினோம். சரக்கு வண்டியில் இப்படி ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பதை எடுத்துச் சொன்னோம். நான்காம் நாள் வேலை முடிந்ததும் அந்தப் பன்னிரண்டு பேரும் மூட்டைமேல் ஏறவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. சும்மா நின்றார்கள். இருட்டுகிற நேரம் ஒப்பந்தக்காரர் வேறு வண்டி அனுப்பினார்.

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். இரண்டு வாரம் தனி வண்டி வந்தது. பிறகு ஒருநாள் "இன்றைக்கு மட்டும்" என்று மறுபடி மூட்டைமேல் ஏறச் சொன்னார்கள். ஏழு பேர் ஏறிவிட்டார்கள், ஐந்து பேர் ஏறவில்லை. அந்த ஏழு பேரோடுதான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். படம் பாருங்கள். தனியாகப் பார்க்காதீர்கள், சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் எழுந்து போகாமல் கால் மணி நேரம் உட்காருங்கள். இதில் உழைப்பவன் யார், அவன் உழைப்பைத் தின்பவன் யார், கஷ்டம் தீர்ந்தது ஒருவனாலா பலராலா என்று கேளுங்கள். பெண்களை முதலில் பேச விடுங்கள். பிறகு மறுநாள் காலை எந்த வண்டியில் ஏறப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள்.

திரையில் கவிழ்ந்த லாரி நம் சாலையில் கவிழக்கூடாது.