ஆலை முன்னே, அறம் பின்னே

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பது நம் நாட்டு வழக்கு. யானை வருவதை மணி முன்கூட்டியே அறிவிக்கும். வழியில் நிற்போர் ஒதுங்கிக்கொள்வர். இயந்திரத் தொழில் என்னும் யானையோ உலகில் எந்த நாட்டிலும் மணி கட்டிக்கொண்டு வரவில்லை. முதலில் ஆலை வந்தது. ஆலையில் உழைப்போரைக் காக்கும் சட்டம் பல்லாண்டு கழித்தே வந்தது. ஆலைக்கும் சட்டத்திற்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில் மக்கள் என்ன செய்தார்கள்? சீர்திருத்தம் என்பது மேலிருந்து இறங்கி வந்ததா, கீழிருந்து எழும்பியதா? இவ்வினாவையே இன்று நாம் ஆராயப் போகிறோம்.

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் பல்லாண்டு ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் பக்கம் ஏரிப் பாசனமும் நிலக்கடலையும் நெல்லுமாக வாழும் பக்கம். உழவனுக்கும் உழைப்பு உண்டு, களைப்பு உண்டு. ஆயின் அவனுடைய பொழுதை அளப்பது கதிரவன். வெயில் ஏறினால் மரநிழலில் அமர்வான். மழை வந்தால் ஏரை அவிழ்ப்பான். ஆலைத் தொழிலாளியின் பொழுதை அளப்பது சங்கு. இருள் பிரியுமுன் அது ஊதும். ஊதியபின் வந்தவனுக்குக் கதவு மூடப்படும். உடல் களைத்தாலும் இயந்திரம் களைப்பதில்லை. ஆகவே, மனிதன் இயந்திரத்தின் வேகத்திற்கு ஈடுகொடுக்க வேண்டியவன் ஆனான். தொழிற்புரட்சி என்று பாடநூலில் படிக்கிறீர்களே, அதன் உட்பொருள்களுள் ஒன்று இது.

முதலில் அமெரிக்கா சென்று வருவோம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மெரிமாக் என்னும் ஆற்றின் அருவியாற்றலைக் கொண்டு 1823ஆம் ஆண்டில் ஒரு பஞ்சாலை ஓடத் தொடங்கியது. அதைச் சூழ்ந்து லோவல் என்னும் நகரம் உருவாயிற்று. அங்கே வேலைக்கு வந்தோருள் பெரும்பாலோர் உழவர் வீட்டு இளம்பெண்கள். வாரத்திற்கு 70 மணி நேரத்திற்கு மேல் அவர்கள் தறியருகே நின்றனர். 1834ஆம் ஆண்டில் முதலாளிகள் கூலியைக் குறைக்க முற்பட்டபோது ஏறக்குறைய 800 பெண்கள் வேலையை விட்டு வெளியேறினர், அம்முயற்சி தோற்றது. 1836ஆம் ஆண்டில் விடுதிக் கட்டணம் உயர்ந்தபோது மீண்டும் வெளியேறினர். பின்னர், நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே வேலை என்று சட்டம் வேண்டினர். சாரா பாக்லி என்னும் பெண்மணி அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றார். 1845ஆம் ஆண்டில் 2,000 பேருக்கு மேல் கையொப்பமிட்ட விண்ணப்பங்கள் மாநிலச் சட்டமன்றம் சென்றன. சட்டமன்றக் குழு அவர்கள் சான்றுகளைக் கேட்டது. கேட்டபின் சட்டம் வேண்டுவதில்லை என்று முடிவு செய்தது. அம்மாநிலத்தில் பெண்களுக்கும் சிறுவர்க்கும் பத்து மணி நேரச் சட்டம் வந்தது 1874ஆம் ஆண்டில். விண்ணப்பத்திற்கும் சட்டத்திற்கும் இடையே 29 ஆண்டுகள்!

அவர்கள் ஏன் விண்ணப்பம் எழுதினார்கள்? அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. வாக்கில்லாதவர் கையில் மூன்று கருவிகளே உண்டு. விண்ணப்பம் எழுதலாம்; கூட்டம் கூடலாம்; வேலை செய்ய மறுக்கலாம். இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நாம் சென்னைக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் தொழிலாளர் எழுச்சிக்குத் தொடக்கமாகப் பலரும் கூறுவது 1908ஆம் ஆண்டில் தூத்துக்குடிக் கோரல் ஆலையில் நடந்த வேலைநிறுத்தம். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் துணைநின்றனர். அது வென்றது, ஆனால் நிலையான சங்கம் அங்கே அப்போது வேரூன்றவில்லை. நிலையான சங்கம் தோன்றிய இடம் சென்னைப் பெரம்பூர்ப் பகுதி.

அங்கே பின்னி கம்பெனியாரின் பக்கிங்ஹாம் ஆலை, கர்நாடிக் ஆலை என இரு பெரும் பஞ்சாலைகள் இருந்தன. சென்னையைச் சூழ்ந்த மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து மழை பொய்த்தும் கடன் ஏறியும் வந்த மக்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உழைத்தனர். அக்காலத்தில் நடப்பிலிருந்த 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலையில் ஓர் ஆணை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க இடமளித்தது.

ஆலையருகே துணிக்கடை வைத்திருந்தவர் செல்வபதி செட்டியார். அவரும் அவருடைய நண்பர் இராமானுசலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் பக்திச் சபை ஒன்றில் ஈடுபட்டிருந்தனர். பஜனைக்கும் சொற்பொழிவுக்கும் வந்த தொழிலாளர், தங்கள் துயரத்தையும் அவர்களிடம் சொல்லலாயினர். கடைக்காரர் இருவரும் சட்டம் படித்தவர் அல்லர்; அரசியல் தலைவரும் அல்லர். கேட்ட துயரத்தைக் கேளாதது போல் இருக்க அவர்களால் இயலவில்லை, அவ்வளவே. 1918ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அச்சபையின் சார்பிலேயே தொழிலாளர் கூட்டம் கூடியது. அதில் பேசியவர் திரு.வி.க. இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் ஆசிரியராயிருந்து, அப்பணியை விட்டுத் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியர் ஆனவர் அவர். பின்னர் அந்நண்பர்கள், அன்னி பெசன்டு அம்மையாரின் 'நியூ இந்தியா' இதழில் பணிபுரிந்த பி.பி. வாடியாவை நாடினர். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பெற்றது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர்; கடைக்கார நண்பர் இருவரும் செயலாளர்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலர் இதனையே குறிப்பர்.

சங்கம் முதலில் கேட்டவற்றுள் ஒன்று யாது? நண்பகல் உணவு இடைவேளையை அரைமணியிலிருந்து நீட்ட வேண்டும் என்பது. இதனைச் சிறு கோரிக்கை என்று நகையாடாதீர்கள். பல்லாயிரவர் ஒரே நேரத்தில் ஒரே வாயில் வழியாக வெளியேறி, கைகால் கழுவி, தூக்குச்சட்டியைத் திறந்து, சோற்றை விழுங்கி, மீண்டும் சங்கு ஊதுமுன் உள்ளே புக அரைமணி போதுமா? மனிதன் சோறு உண்பதற்கும் இயந்திரத்திற்கு எண்ணெய் விடுவதற்கும் வேறுபாடு உண்டு என்று சொல்வதே அக்கோரிக்கையின் பொருள்.

ஒருமுறை வகுப்பில் இதனை விளக்கியபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, சங்கம் தோன்றியது 1918, தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926. இடையில் எட்டாண்டு அந்தச் சங்கம் எந்தச் சட்டத்தின்கீழ் இருந்தது?" என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. அது எந்தப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழும் இல்லை. அதன் விளைவு விரைவில் தெரிந்தது.

1920ஆம் ஆண்டின் இறுதியில் பக்கிங்ஹாம் ஆலையில் பூசல் மூண்டு வேலை நின்றபோது, கம்பெனியார் வாடியா முதலியோர்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தொழிலாளர் தம் ஒப்பந்தத்தை முறிக்கும்படி தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. இறுதியில் வாடியா சங்கத்தினின்று விலகுவது என்ற ஏற்பாட்டின்பேரில் வழக்கு முடிந்தது. வாக்கில்லாதாரின் மூன்றாவது கருவியான வேலை மறுப்பையே சட்டம் குற்றமாகக் கண்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1806ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்துச் செம்மார், கூலி உயர்வு வேண்டி ஒன்றுகூடியதற்காகச் சதிக் குற்றவாளிகள் எனத் தீர்ப்புப் பெற்றனர். ஒருவன் தனியே "இக்கூலிக்கு வேலை செய்யேன்" என்றால் குற்றமில்லை. பலர் சேர்ந்து சொன்னால் சதி! 1842ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா, பாஸ்டன் நகரத்துச் செருப்புத் தொழிலாளர் வழக்கில், முறையான நோக்கத்தோடு சங்கம் சேர்வது மட்டுமே குற்றமாகாது என்று தீர்ப்பளித்தார். நம் நாட்டில், சென்னை வழக்கின் அதிர்ச்சிக்குப் பின், 1921ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்குச் சட்டம் வேண்டித் தீர்மானம் கொணர்ந்தார். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் அதன் கனி. பதிவுபெற்ற சங்கத்தின் நியாயமான செயலைச் சதி என்று தண்டிக்கவும், ஒப்பந்த முறிவைத் தூண்டியதாக இழப்பீடு கேட்கவும் அது தடை விதித்தது. பெரம்பூரில் ஒரு சங்கம் பட்ட அடி, நாடு முழுவதற்கும் கேடயமாயிற்று.

மாணவர்களே, இத்துடன் நிறுத்தினால் கதை இனிமையாக முடியும். ஆனால் வரலாறு முழுமையாகாது. 1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம், ஜூன் மாதம் பக்கிங்ஹாம் ஆலைக்கும் பரவி, அக்டோபர் வரை நீடித்தது. அப்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைநிறுத்தத்தில் சேராமல் ஆலைக்குச் சென்றனர். அவர்களுக்கும் ஏனைய தொழிலாளர்க்கும் இடையே புளியந்தோப்பில் கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. வேலைநிறுத்தம் தோற்றது.

ஆதிதிராவிடர் காட்டிக்கொடுத்தனர் என்று சொல்லி அமைவது எளிது. அது நேர்மை ஆகாது. நிலமும் சேமிப்பும் இல்லாதவன் எத்தனை மாதம் பட்டினி கிடப்பான்? மாலையில் தெருவில் ஒதுக்கிவைக்கப்படுபவனிடம், காலையில் ஆலை வாயிலில் மட்டும் ஒற்றுமை கேட்டால் அவன் எப்படி நம்புவான்? ஆதிதிராவிடர்க்காகச் சட்டசபையில் வாதாடி வந்த எம்.சி. ராஜா அவர்கள் தரப்பை அன்று எடுத்துரைத்தார். ஆலைக்குள் தோன்றிய சங்கம், ஆலைக்கு வெளியே இருந்த தீண்டாமைச் சுவரில் மோதி உடைந்தது என்பதே உண்மை.

அமெரிக்காவும் இம்முரண்பாட்டினின்று தப்பவில்லை. லோவல் பெண்கள் நூற்ற பஞ்சு எங்கிருந்து வந்தது? தென் மாநிலங்களில் அடிமைகளாய் வைக்கப்பட்ட கறுப்பு மக்கள் பறித்த பஞ்சு அது. பத்து மணி நேர வேலைக்குப் போராடியவர் கையிலிருந்த நூலே, நேரக் கணக்கே இல்லாத அடிமை உழைப்பின் விளைவு. அடிமை ஒழிப்புக்கான விண்ணப்பங்களைப் பேசவே கூடாது என்று 1836 முதல் 1844 வரை அமெரிக்கக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபை விதி வைத்திருந்தது. அரசியல் சீர்திருத்தம், தொழில் சீர்திருத்தம், சமூக சீர்திருத்தம் என மூன்று பாடங்களாக நாம் எழுதிவைக்கிறோம். வாழ்க்கையில் அவை ஒரே கயிற்றின் மூன்று புரிகள். ஒரு புரி இற்றால் கயிறு சுமை தாங்காது.

தோல்விக்குப் பின்னும் வேலை நின்றுவிடவில்லை. 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். சட்டத்தின் படிகளைப் பாருங்கள்: 1922இல் நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரம், வாரத்திற்கு 60, 1934இல் பத்து மணி நேரம், வாரத்திற்கு 54, 1946இல், அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த காலத்தில், ஒன்பது மணி நேரம், வாரத்திற்கு 48. ஒவ்வொரு படியின் அடியிலும் பெயர் தெரியாத பல்லாயிரவரின் தோள் இருக்கிறது. வாக்குரிமையும் அவ்வாறே படிப்படியாக வந்தது. 1921இல் சென்னை மாகாணச் சட்டசபை பெண்களுக்கு வாக்களித்தது. ஆயினும் சொத்துத் தகுதி இருந்தது. சொத்தில்லாத தொழிலாளியும் அவன் மனைவியும் வாக்குச் சீட்டைக் கையில் பெற 1951-52ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் வரை காத்திருந்தனர்.

பெரம்பூர் ஆலைகள் 1990களில் மூடப்பட்டுவிட்டன. அங்கே சங்கு ஊதுவதில்லை. ஆனால் வேறு சங்குகள் ஊதுகின்றன. எங்கள் பக்கத்து இளைஞர் பலர் பிழைப்புத் தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்கின்றனர். அவர்களுள் சிலர் உணவுப் பொட்டலம் சுமந்து இருசக்கர வண்டியில் விரைகின்றனர். கைப்பேசியின் ஒலியே அவர்களுக்குச் சங்கு. அவர்களுடைய முதலாளி யார், வேலை நேரம் எவ்வளவு, அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்ற வினாக்களுக்குச் சட்டம் இப்பொழுதுதான் விடை தேடத் தொடங்கியிருக்கிறது. இங்கும் ஆலை முன்னே வந்துவிட்டது. அறம் பின்னே வந்துகொண்டிருக்கிறது.

மாணவச் செல்வங்களே, உங்கள் ஊரில் அரிசி ஆலை இருக்கும், செங்கற் சூளை இருக்கும், துணிக்கடை இருக்கும். நாள் முழுதும் நின்றே விற்கும் பெண் உங்கள் அக்காளாகவும் இருக்கலாம். விடுமுறை நாளில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறீர்கள், எத்தனை மணிக்கு உண்கிறீர்கள், உட்கார இடம் உண்டா என்று மரியாதையோடு கேட்டு எழுதுங்கள். செல்வபதி செட்டியார் 1918இல் தம் கடைத் திண்ணையில் தொடங்கியது கேட்பதிலிருந்துதான்.