பனிக்கடலில் ஒரு போதகர்



நம் மலைநாட்டில் தை, மாசி மாதங்களில் உறைபனி இறங்கித் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுவதுண்டு. ஆயினும் கதிரவன் எழுந்ததும் அப்பனி கரைந்துவிடும். பகலிலும் கரையாத பனியின் நடுவே, இதே மாதங்களில் நோயுற்று மாண்ட ராஸ்முஸ் யென்சன் என்னும் லுத்தரன் போதகரைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்தியான் கீழைநாட்டு வாணிகத்தை நாடி இரு திசைகளிற் கப்பல்களை அனுப்பினார். ஆபிரிக்காவைச் சுற்றிவந்த கப்பல்கள் 1620 மே மாதத்தில் இலங்கையை அடைந்தன. அவற்றின் தலைவர் கண்டியரசன் செனரத்துடன் உடன்பாடு பேசினார். அவ்வாண்டு நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தஞ் செய்து தரங்கம்பாடியில் இடம் பெற்றார்.

மற்றொரு பயணம் வட அமெரிக்காவின் வடபால் வழி தேடிற்று. 1619 மே மாதம் யென்ஸ் முங்க் என்னும் மாலுமி இரு கப்பல்களில் அறுபதுக்கு மேற்பட்டோருடன் புறப்பட்டார். வழி கிட்டவில்லை. ஹட்சன் விரிகுடாவிற் சர்ச்சில் ஆற்றின் முகத்துவாரத்தில் குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தது.

அவர்களுக்குத் துணையாகச் சென்ற போதகரே யென்சன். அவ்வாண்டு நத்தார்த் திருநாளில் அவர் வழிபாடு நடத்தினார். கையிற் காசில்லாத மாலுமிகள், அவருடைய அங்கிக்கு உட்துணியாகட்டும் என்று வெண்ணரித் தோல்களைக் காணிக்கையாக அளித்தனர். இதனை முங்க் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார்.

பின்னர் ஸ்கர்வி என்னும் நோய் பரவிற்று. உயிர்ச்சத்து சி குறைவதால் வருவது அது என்பதை அக்காலத்தார் அறியார். கப்பல் வைத்தியரும் செய்வதறியாது திகைத்தார். 1620 ஜனவரி 23 ஆம் நாள், நோயுற்ற போதகர் படுக்கையில் எழுந்தமர்ந்து பிரசங்கஞ் செய்தார். அதுவே அவரது இறுதிப் பிரசங்கம். பெப்ரவரி 20 இல் அவர் இறந்தார். நாளடைவில் இறந்தோரைப் புதைக்கவும் எவருக்கும் வலுவில்லாமற் போயிற்று.

முங்க்கும் இன்னும் இருவருமே எஞ்சினர். பனி உருகியதும் முளைத்த பச்சிலைகளையும் வேர்களையும் தின்று தேறி, ஒரு கப்பலைச் செலுத்தி அவ்வாண்டு செப்டெம்பரில் நோர்வேயை அடைந்தனர்.

தரங்கம்பாடிக்கு 1706 இல் வந்த சீகன்பால்குவைத் தமிழுலகம் அறியும்; அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715 இல் அச்சில் நிறைவுற்றது. யென்சனோ நூலொன்றும் அச்சேற்றவில்லை, சபையொன்றும் நிறுவவில்லை. அவருடைய சபையார் அனைவரும், மூவர் நீங்கலாக, அவர் சென்ற வழியே சென்றனர். மருந்து அறியாத இடத்தில், மாள்வோரைத் தனியே விடாதிருப்பது ஒன்றே அவரால் இயன்றது. எழுந்தமரும் வலு உள்ளவரை அதனை அவர் செய்தார். வெற்றி பெற்றோரை மட்டும் எண்ணிப் பழகிய நாம், இத்தகையோரையும் நினைத்தல் தகும்.