இணையத்தளங்களும் கிராம நலனும்
(இடையஞ்சாவடியில் ஆற்றிய உரை)



ஏருக்கு ஒரு வேலை, பரம்புக்கு ஒரு வேலை. இணையத்தளங்களும் அவ்வாறே, ஒவ்வொரு வகைக்கும் தனிப் பயன் உண்டு.

முதல் வகை, செய்தி அறிவிப்பவை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுவை வட்டாரத்தில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கிற்று. அமெரிக்கக் கடற்படையின் தளத்தில் கண்ட அலை உயரம், வீராம்பட்டின மீனவர்க்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு மையத்தின் ஒலிபெருக்கி ஊருக்கு உரைத்தது. பல உயிர்கள் பிழைத்தன.

இரண்டாம் வகை, பட்டா, சிட்டா முதலியன வழங்கும் சேவைத் தளங்கள். மூன்றாவது, 2016-இல் தோன்றிய ‘இ-நாம்’ போன்ற விளைபொருட் சந்தை. நான்காவது, கணக்குக் காட்டுவன. ஊராட்சியின் திட்டத்தையும் செலவையும் 2020-இல் தொடங்கிய ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளத்தில் எவரும் காணலாம். அவற்றைக் கிராம சபையில் படித்துக் காட்டுதல் உறுப்பினர் கடமையாகும்.

அரசின் பெயரில் பணம் பறிக்கும் போலித் தளங்களும் உள. முகவரியை நன்கு பார்த்த பின்னரே பணம் செலுத்துக. ஏமாற்றப்பட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிப்பீர்களாக.

மரக்காணத்துப் பாத்தியில் விளைந்த உப்பு ஒரே மழையில் கரைந்து போகும். மழைச் செய்தி தளத்தில் மட்டும் இருந்து பயன் என்ன? உப்பளத் தொழிலாளியின் செவிக்கு அது எட்ட வேண்டும். நாள்தோறும் அதனைப் படித்துச் சொல்ல ஊருக்கு ஒருவரை நியமிப்போமாக!