மறைத்த மணம்



மணமுறிவுத் தீர்ப்பை மொழிபெயர்க்கக் கொணர்வோர் தலைகுனிந்து நிற்பதை மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் கண்டதுண்டு. அவர்கள் நாணும் அந்தத் தாளே அவர்களைக் காக்க வல்லது.

அமெரிக்காவில் வாழும் கணவர் தம் மனைவியை அழைத்துக்கொள்ள அளிக்கும் ஐ-130 மனுவில், இருவரின் முந்தைய மணங்களையும் குறித்தல் வேண்டும். அவை முடிவுற்றமைக்குத் தீர்ப்போ இறப்புச் சான்றிதழோ இணைத்தல் வேண்டும். முன்மணம் குற்றமன்று, அது சட்டப்படி முடியாதிருப்பின் பின்மணம் செல்லாது. நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் அதையே கூறுகிறது.

முக்கிய உண்மையை வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால், அந்நாட்டின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் நிரந்தரத் தடை விதிக்கிறது. விலக்குப் பெற, அங்குள்ள கணவரோ பெற்றோரோ கடுந்துன்பம் அடைவர் என மெய்ப்பித்தல் வேண்டும்.

ஆகவே, மறக்க விரும்பும் மணமாயினும் மனுவில் மறையாது எழுதுங்கள்.