காப்பீட்டு அட்டை இருக்கு, மாத்திரைக்கு ஏன் கடன்?

(போடி வட்டாரக் குழுக்களின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் தீர்மான நோட்டுகளைப் பார்வையிட்டபோது ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தது: "உள்கடன் – சுகர் மாத்திரை வாங்க." நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கடன் எடுத்து மாத்திரை! கடன் கிடைக்காத மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார்கள். கேட்டால், "காப்பீட்டு அட்டையை மெடிக்கல்ல காட்டினேன், செல்லாதுன்னுட்டாங்க" என்கிறார்கள்.

கடைக்காரர் சொன்னது சரிதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. சில நோய்களுக்கு வீடு திரும்பிய பின் தொடர்சிகிச்சையும் உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். மாதாமாதம் போடும் சுகர், பிரஷர் மாத்திரைக்கு வழி வேற.

அது ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போடி அரசு ஆஸ்பத்திரியிலும் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் தன்னார்வலர்களும் குழுப் பெண்கள்தான். அப்புறம் ஏன் கிடைக்கலை? விடியுமுன் ஜீப் ஏறி போடிமெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்குப் போறீங்க, இருட்டினப்புறம் வரீங்க. ஓ.பி. நேரமும் தவறுது, தன்னார்வலர் வரும்போது வீடும் பூட்டிக் கிடக்குது. லீவு போட்டா அன்றைய கூலி போச்சு. இதை ஒருத்தர் தனியா சமாளிக்க முடியாது. ஒவ்வொரு குழுவும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பட்டியலை எழுதுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதி, உங்கள் பகுதித் தன்னார்வலரிடம் கொடுங்கள். முடிந்தால் குழுக் கூட்டம் நடக்கும் நாளிலேயே வரச் சொல்லிக் கேளுங்கள்.

"கவர்மெண்டு மாத்திரையில பவர் இல்லை"ன்னு இங்கேயும் ஒரு அக்கா முணுமுணுக்கிறது கேட்குது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்குகிற மருந்து ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருது அக்கா. விட்டு விட்டுப் போட்டா எந்த மாத்திரையும் கேக்காது.

அரசு ஆஸ்பத்திரியில் இல்லாத மாத்திரையா? மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்திலும் விலை குறைவு. டாக்டர் சீட்டில் கம்பெனி பெயர் இருந்தால், மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நாமளா மாத்திரையை மாத்தக்கூடாது. சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் செய்யலாம்.

ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்துக்குப் பட்டியலோடு வாங்க. ஜீப் நேரத்தையும் அதில் குறிச்சுக்கிட்டு வாங்க.